பனி பெய்வதில்லை

தமிழ்நாட்டின் குளிர்காலத்தை ஒரு மோட்டார் சைக்கிளின் இருக்கையிலேயே பார்த்துவிடலாம். மார்கழி விடியலில், தெருவோரம் திறந்தவெளியில் நின்ற வண்டியைத் துணியால் துடைத்தால்தான் உட்கார முடியும். பத்தடி தள்ளி, வீட்டு முகப்பின் கூரைக்குள் நின்ற வண்டி காய்ந்து கிடக்கும். எதிர்ச்சாரியில் புங்கமரத்தடியில் நின்றதும் பெரும்பாலும் அப்படியே. மூன்று வண்டிகளையும் சூழ்ந்திருந்தது ஒரே காற்று. அந்தக் காற்றின் ஈரமும் ஒன்றுதான். காரைப் பார்த்தால் இன்னும் விந்தை. கூரையும் முன்கண்ணாடியும் நீர் கோத்திருக்கும். சுவரை ஒட்டிய பக்கத்துக் கண்ணாடி மட்டும் தெளிவாக இருக்கும்.

பனி பெய்கிறது, பனி கொட்டுகிறது என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். தலையில் பனி இறங்கிவிடும் என்று குழந்தைக்குக் குல்லா போட்டு அனுப்புகிறோம். பேச்சுக்கு அது சரி. ஆனால் மேலிருந்து எதுவும் இறங்குவதில்லை. கீழிருந்துதான் ஒன்று மேலே போய்க்கொண்டிருக்கிறது. வண்டியின் வெப்பம், புல்லின் வெப்பம், மொட்டைமாடியின் வெப்பம் எல்லாம் இரவு முழுக்க வானத்தை நோக்கிக் கிளம்பிப் போகின்றன. நம் பனிக்காலத்தில் பார்க்கத் தக்கவை எவையோ, ஏறக்குறைய அத்தனையும் இந்த ஒரு போக்கினால் வருபவை.

இதை ஐயமறக் காட்டியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் 1757-இல் பிறந்து, லண்டனில் மருத்துவராக இருந்தவர். பனித்துளி எங்கிருந்து வருகிறது என்பது அப்போது நெடுநாள் வழக்கு. வானிலிருந்து விழுகிறது என்று ஒரு கட்சி. மண்ணிலிருந்து ஆவியாக எழுகிறது என்று இன்னொரு கட்சி. வெல்ஸ், லண்டனை ஒட்டிய சர்ரேயில் ஒரு தோட்டத்தில் இரவுகளில் உட்கார்ந்து இதைச் சோதித்தார். கம்பளிப் பஞ்சு, தராசு, வெப்பமானி: கருவிகள் இவ்வளவுதான். பத்து கிரெய்ன், அதாவது சுமார் 650 மில்லிகிராம் எடையுள்ள பஞ்சு ஒன்றை, கால்களின் மேல் நிறுத்திய பலகையின் மேற்புறத்தில் வைத்தார். அதே எடையுள்ள இன்னொன்றை அடிப்புறத்தில் கட்டினார். ஓர் இரவில் மேற்பஞ்சு 14 கிரெய்ன் நீரை ஏற்றது, அடிப்பஞ்சு 4. பனி மண்ணிலிருந்து எழுவதானால் அடிப்பஞ்சு அல்லவா அதிகம் நனைந்திருக்க வேண்டும்?

அடுத்த சோதனை இன்னும் கூர்மையானது. சுட்ட களிமண்ணால் ஆன, மேலே திறந்த உருளை ஒன்றைப் புல்லில் நிறுத்தி, அதன் நடுவே பஞ்சை வைத்தார். நேர் மேலே எந்தத் தடையும் இல்லை. மழை பெய்திருந்தால் உருளைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு விழுந்திருக்கும். உள்ளே இருந்த பஞ்சுக்கோ கொஞ்சமே நீர் கிடைத்தது. அப்படியானால் அந்தச் சுவர் மறைத்தது எதை? பக்கவாட்டில் விரிந்து கிடக்கும் வானத்தை. ஒரு பொருளுக்கு வானம் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு வெப்பத்தை அது இழக்கிறது. இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. பனி படிவதால் பொருள் குளிர்கிறது என்று நம்பியவர்களுக்கு வெல்ஸ் வரிசையை மாற்றிக் காட்டினார்: குளிர்வது முதலில், நனைவது பிறகு. 1814-இல் வந்த அவருடைய நூலுக்கு ராயல் சொசைட்டி ரம்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. மூன்றாண்டுகளில் அவர் இறந்துபோனார். இவ்வளவு பழைய வழக்கு இவ்வளவு மலிவான கருவிகளால் தீர்ந்தது அறிவியலில் அபூர்வம்.

பின்னால் வந்த இயற்பியல் இதற்கு எண்களைத் தந்தது. 17 டிகிரி செல்சியஸில் இருக்கும் புல்தரை, சதுர மீட்டருக்குச் சுமார் 400 வாட் ஆற்றலைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக ஓயாமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. மேகம் மூடிய இரவில் ஏறத்தாழ அதே அளவு மேகத்திலிருந்து திரும்பி வந்துவிடும். வரவும் செலவும் சரி. வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் இரவில் காற்றிலுள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் திருப்பித் தருவது போதாது. குறிப்பாக 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களை வளிமண்டலம் அதிகம் தடுப்பதில்லை. அந்தக் கதிர்கள் விண்வெளிக்கே போய்விடுகின்றன. சதுர மீட்டருக்கு 50 முதல் 100 வாட் வரை நிகர நட்டம். மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் பாறைக்கும் தார்ச்சாலைக்கும் அந்த நட்டத்தை அடியிலிருந்து ஈடுகட்ட வெப்பம் வந்துகொண்டிருக்கும். ஒல்லியான புல் இதழுக்கும் வைக்கோலுக்கும் காரின் தகரக் கூரைக்கும் அப்படி ஆதரவு கிடையாது. அதனால் அவை முதலில் நனைகின்றன. காற்று வீசினால் அவையும் நனைவதில்லை. வீசும் காற்று வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். மேகமில்லாத, காற்றில்லாத இரவுதான் பனிக்கு உகந்த இரவு.

குளிர்காலம் என்றாலே சூரியன் தாழ்ந்து போவதுதான் காரணம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஐரோப்பாவுக்கு அது கிட்டத்தட்ட முழு விடை. டிசம்பர் 21-ஆம் தேதி லண்டனில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. சென்னையில் 11 மணி 20 நிமிடத்துக்குக் குறையாது. நமது மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அன்றைய நண்பகலில் சென்னையின் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். லண்டனில் அந்த உயரத்தைச் சூரியன் எட்ட மே மாதம் பிறக்க வேண்டும். நமது மார்கழி வெயில் அவர்களுடைய மே மாத வெயில் என்றால், அதை வைத்து எவ்வளவு பெரிய குளிர்காலத்தைச் செய்துவிட முடியும்?

மீதியைச் செய்வது வானம் திறந்துகொள்வது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சென்னையில் ஆண்டு முழுதும் பெய்யும் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில்தான். அப்போதெல்லாம் மேகம் மூடியே கிடக்கும். இரவில் புழுக்கம்கூட இருக்கும். டிசம்பர் கடைசியிலோ ஜனவரி நடுவிலோ மழை விலகும்போது, ஏரி குளங்கள் நிறைந்திருக்கின்றன, மண் நீரில் ஊறியிருக்கிறது, காற்று அடங்கியிருக்கிறது, மேகம் மட்டும் போய்விட்டது. ஈர மண்ணும் திறந்த வானமும் சேர்ந்து அமையும் இந்தச் சில வாரங்கள்தான் நமது பனிக்காலம். மழை பொய்த்த ஆண்டில் பனியும் மெலிந்திருப்பது இதனால்தான்.

இந்த நாட்களில் விடியல் மேலும் மேலும் பின்னால் போவதையும் கவனிக்கலாம். டிசம்பர் 21-க்குப் பிறகு பகல் நீள்கிறது. ஆனால் நீள்வதெல்லாம் மாலைப் பக்கத்தில். பூமியின் அச்சுச் சாய்வும் சுற்றுப்பாதையின் நீள்வட்டமும் சேர்ந்து, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தையே நாளுக்கு நாள் தள்ளிவிடுகின்றன. எனவே ஆண்டின் மிகத் தாமதமான உதயம் சென்னைக்கு ஜனவரியின் பின்பாதியில், 6:35 வாக்கில் வருகிறது. நாளின் மிகக் குளிர்ந்த வேளையும் நள்ளிரவு அல்ல. செலவு வரவைத் தாண்டியிருக்கும் வரை குளிர் கூடிக்கொண்டேதான் இருக்கும். சூரியன் எழுந்து சற்று நேரம் ஆன பிறகே கணக்கு திரும்பும். தை மாதத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு வாய்ப்பது அந்த வேளைதான்.

அந்த வேளையில் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கோ மன்னார்குடிக்கோ பேருந்தில் போய்ப் பாருங்கள். சம்பா வயலின் மேல் மூடுபனி இடுப்பளவு உயரத்தில் மட்டமாகப் படுத்திருக்கும்; தென்னையும் மின்கம்பமும் அதிலிருந்து பாதியில் முளைத்தாற்போல் நிற்கும். அடர்த்தியாகத் தெரியும் இந்த மூடுபனியில் நீர் எவ்வளவு என்று பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்: ஒரு கன மீட்டருக்குள் பெரும்பாலும் அரை கிராம்கூட இராது. அந்தச் சொற்ப நீர், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள எண்ணற்ற திவலைகளாகச் சிதறியிருப்பதால் ஒளியெல்லாம் அதில் அலைக்கழிந்து வெண்மையாகிவிடுகிறது. தரை குளிர, தரையை ஒட்டிய காற்று குளிர, அதன் ஈரம் அந்தக் காற்றுக்குள்ளேயே திவலையாவதுதான் இது. மேலே போகப் போகக் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். பகலில் இருக்கும் வரிசை தலைகீழாகியிருக்கும்.

இந்தத் தலைகீழ் அடுக்கைக் கண்ணால் பார்க்க விறகு அடுப்புப் புகை உதவும். கூரையிலிருந்து நேராக எழுந்து, பனைமர உயரத்தில் ஏதோ தடுத்தாற்போல் பக்கவாட்டில் பரவி, ஊர் முழுக்க நீலப் பட்டையாக நிற்கும். எழும் புகை தன்னைவிட வெதுவெதுப்பான காற்றை எட்டியதும் மேலே போக அதற்கு வலுவில்லை. போகி விடியலில் சென்னையில் எரிப்பவற்றின் புகை எல்லாம் விமான நிலைய ஓடுபாதையின் மேலேயே தங்கி விமானங்களைத் தாமதப்படுத்துவதும் இதே அடுக்கினால்தான். காதால் கேட்கவும் வழி உண்டு. ஒலி வெப்பக் காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்வதால், மேலே கிளம்பிய ஒலி வளைந்து மீண்டும் தரைக்கு இறங்குகிறது. மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள கோயிலின் ஒலிபெருக்கியில் திருப்பாவை சொல் சொல்லாகக் கேட்பதும், பகலில் கேட்காத ரயிலின் ஊதல் விடியலில் கேட்பதும் அதனால்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. மார்கழி விடியலில் ஓசோன் தரையருகே இறங்கி வருகிறது, அதைச் சுவாசிக்கத்தான் பெண்கள் வாசலில் கோலம் போட்டார்கள் என்ற செய்தி ஆண்டுதோறும் கைபேசிகளில் சுற்றுகிறது. தரையருகே ஓசோன் உண்டாக வெயில் வேண்டும். எனவே நாளில் அது மிகக் குறைந்திருப்பதே விடியற்காலையில்தான். அதிகமாக இருந்தால் நல்லதும் அல்ல. நுரையீரலுக்கு அது நஞ்சு. மார்கழிக் கோலத்துக்கு ஓசோனின் சிபாரிசு தேவையில்லை.

வாசலைத் தாண்டிப் புல்லுக்குப் போனால், துளிகளுக்குள்ளும் சாதி வேறுபாடு உண்டு. புல் இதழின் பரப்பெங்கும் பொடிப்பொடியாகச் சிதறியிருப்பது பனி. இதழின் நுனியில் மட்டும் ஒற்றை மணியாக, பெரிதாக, தெளிவாக நிற்பது பனியல்ல. செடி தானே கசியவிட்ட நீர். இரவில் இலைத்துளைகள் மூடிக்கொண்ட பின்னும் வேர் ஈர மண்ணிலிருந்து நீரை ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் நுனியிலும் ஓரங்களிலும் உள்ள நீர்த்துளைகள் வழியே வெளியேறுகிறது. சேம்பு, தக்காளி இலைகளின் விளிம்பில் இது வரிசை தவறாமல் நிற்பதைப் பார்க்கலாம். கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டிச் செடியிலும் இந்த மணி வரும், பனி வராது. இரண்டையும் பிரித்தறிய இது நல்ல சோதனை.

வேலியில் அத்தனை சிலந்திவலைகள் இருப்பது பனிக்காலத்தில்தான் தெரியவரும். வலைகள் முன்பும் இருந்தவைதான். துளிகள் ஏறியதும் ஒளி படுகிறது. சில வகைச் சிலந்திகளின் இழையில் துளிகள் ஒரே சீராக இராமல், குறிப்பிட்ட இடைவெளிகளில் பெரிது பெரிதாகச் சேர்ந்திருக்கும். 2010-இல் சீன ஆய்வாளர்கள் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். உலர்ந்த இழையில் பஞ்சுப் பொதிபோல் உள்ள பகுதிகள் நனைந்ததும் சுருங்கி முடிச்சுகளாகின்றன. முடிச்சின் வடிவமும் அதன் மேற்பரப்பும் சேர்ந்து, இடையில் படியும் சிறு துளிகளை முடிச்சை நோக்கித் தாமே நகரச் செய்கின்றன.

வெயில் தாழ்வாக விழும்போது பனி நனைத்த புல்வெளியில் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழலின் தலையைச் சுற்றி ஒரு வெளிச்சம் தெரியும். இலை மயிர்களின் மேல் நிற்கும் துளி ஒவ்வொன்றும் சூரிய ஒளியைப் பின்னாலுள்ள இலையில் குவிக்கிறது. அங்கிருந்து எழும் ஒளி அதே துளி வழியாக, வந்த திசையிலேயே பெரும்பாலும் திரும்புகிறது. அந்தத் திசையில் இருப்பது உங்கள் கண். 16-ஆம் நூற்றாண்டின் இத்தாலியச் சிற்பி பென்வெனுட்டோ செல்லினி, இந்த ஒளி தன் நிழலுக்குக் கிடைத்த தெய்வீக அருள் என்றே தன்வரலாற்றில் எழுதிவைத்தார். பக்கத்தில் நிற்பவருக்கும் அவரவர் தலையைச் சுற்றி மட்டுமே அது தெரியும் என்பதால், யாரும் அவரோடு வாதிட்டு வென்றிருக்க முடியாது.

மலைக்கு ஏறினால் கணக்கு கடுமையாகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் முதலில் வருவதை நீர்ப்பனி என்பார்கள். வானம் நன்றாக வெளுத்ததும் உறைபனி தொடங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதன் காலம். மழை மேகம் விலகத் தாமதமானால் உறைபனியும் தாமதமாகும். தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம், அரசு தாவரவியல் பூங்காவின் புல்வெளி என்று தாழ்ந்த, திறந்த இடங்களில்தான் வெள்ளை விரியும். குளிர்ந்த காற்று கனமானது; சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில் 3 அல்லது 4 டிகிரி காட்டும்போதே புல் உறைந்திருக்கும். புல்லின் குளிர் காற்றின் குளிரைவிட அவ்வளவு ஆழமானது. பூங்காவில் மென்மையான செடிகளின் மேல் மிலார் செடிகளைக் கட்டி மூடுவார்கள். பொதுவாக அதைப் போர்வை என்று நினைப்போம். அது செய்வது வெல்ஸின் உருளை செய்ததைத்தான்: செடிக்கு வானத்தை மறைக்கிறது. மூடாத தேயிலைக் கொழுந்து, உயிரணுக்களில் பனிக்கட்டி கீறி, இரண்டு நாளில் கருகிப்போகும்.

நீலகிரியின் இயற்கையான முகத்தையே இந்தக் கணக்கு எழுதியிருக்கக்கூடும். மேல்மலைகளில் சோலைக்காடு மடிப்புகளில் மட்டும் அடர்ந்து நிற்கும். அதன் விளிம்பில் கத்தியால் வெட்டியதுபோல் காடு முடிந்து புல்வெளி தொடங்கும். நடுவில் புதரோ இளமரமோ படிப்படியாகக் குறைவதில்லை. மனிதர் தீயிட்டு உண்டாக்கிய புல்வெளி என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் நீலகிரியின் கரிச் சேற்றுப் படிவுகளில் கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட முடிவுகள், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் காட்டின. உறைபனிக்கும் இதில் பங்குண்டு என்பது பலரின் கருத்து. சோலைக்குள் விழும் விதைக்கு மேலே இலைக் கூரை இருக்கிறது. பத்தடி வெளியே புல்லில் விழுந்து முளைப்பதற்குத் திறந்த வானம். முதல் குளிர்காலத்திலேயே உறைந்து சாகிறது. தீ, மண், மேய்ச்சல் என்று மற்றக் காரணங்களும் வாதத்தில் உள்ளன. எனக்கு, அந்தக் கத்திக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் முகப்புக்கு உள்ளும் வெளியும் நின்ற இரண்டு வண்டிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

இதே குளிரை வேலைக்கு அமர்த்தியவர்களும் உண்டு. அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் பனிக்கட்டி செய்யும் முறையை ராபர்ட் பார்க்கர் 1775-இல் எழுதி வைத்தார். தரையில் ஆழமில்லாத குழி. அதில் கரும்புச் சக்கை அல்லது சோளத்தட்டை பரப்பி, அதன் மேல் மெருகிடாத மண் தட்டங்கள். அந்தியில் கொதித்து ஆறிய நீரை அவற்றில் ஊற்றிவைத்தால், காற்று உறைநிலைக்கு மேலே இருந்தும், சூரியன் எழுவதற்கு முன் கட்டியாகியிருக்கும். சக்கையும் தட்டையும் அடியிலிருந்து வரும் வெப்பத்தை மறிக்க, நீர் வானத்துக்குத் தன் வெப்பத்தை விட்டுவிடுகிறது. நீர் ஆவியாவதுதான் காரணம் என்று பலர் நினைத்தபோது, கதிர்வீச்சே காரணம் என்று வாதிட்டவரும் வெல்ஸ்தான். 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமனும் ஷான்ஹுய் ஃபானும் குழுவினரும், வெயிலைத் திருப்பியனுப்பிவிட்டு 8 முதல் 13 மைக்ரோமீட்டரில் மட்டும் வெப்பத்தை வெளியேற்றும் படலம் ஒன்றைச் செய்தார்கள். நண்பகல் வெயிலிலேயே அது சுற்றுக் காற்றைவிட ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ந்து நின்றது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. மாசியில் திருச்சி, மதுரைப் பக்கம் பகல் வெப்பம் 33 டிகிரியை ஒட்டிவிடும். இரவு 20, 21 வரை இறங்கும். ஆண்டிலேயே பகலுக்கும் இரவுக்கும் அதிக இடைவெளி உள்ள காலங்களில் அது ஒன்று. தையைவிட மாசி இரவு உண்மையில் வெதுவெதுப்பானது. பகலில் வெந்த உடம்புக்குத்தான் அது துளைக்கிறது. மச்சு என்று பழமொழி பிடித்த இடம் சரியானது. வானத்தை முழுதாகப் பார்ப்பது மொட்டைமாடிதான்.

மாசி முடிய முடியத் துளிகள் மெலிகின்றன. வானம் மூடிக்கொண்டதால் அல்ல, மண் காய்ந்துவிட்டதால். புல் முன்புபோலவே குளிர்கிறது. படிவதற்குக் காற்றில் நீர் இல்லை. வேம்பும் புங்கமும் இலை உதிர்ப்பதும் அப்போதுதான். குளிருக்கு அஞ்சி உதிர்க்கும் குளிர்நாட்டு மரங்களுக்கு மாறாக, இவை வறட்சியை எதிர்பார்த்து உதிர்க்கின்றன. உதிர்த்த சூட்டிலேயே தளிர்க்கவும் செய்கின்றன.

மழை விலகுவதற்கும் மண் காய்வதற்கும் நடுவிலுள்ள இந்தச் சிறு இடைவெளியை நம்பி டெல்டாவில் ஒரு சாகுபடியே இருக்கிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையோ பச்சைப்பயறையோ விதைத்துவிடுவார்கள். பிறகு பாய்ச்சல் இல்லை. பனியிலேயே விளைந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். பாதி உண்மை. ஓர் இரவின் பனி, எல்லாம் கூடிவந்தாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டுவது கடினம். பல இரவுகளில் அதில் பாதிகூட இராது. பயிருக்கோ நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் நீர் வேண்டும். பயிரைத் தாங்குவது நெல் விட்டுச்சென்ற மண்ணீரம்தான். இலை நனைந்திருக்கும் காலை வேளையில் அந்த மண்ணீரம் செலவாகாமல் தள்ளிப்போகிறது. பனியின் உதவி அவ்வளவே. அதே பனிக்காலத்தில் சாம்பல் நோயும் பரவும். மாம்பூவையும் அது விடாது. தை நடுவில் விதைத்த உளுந்து எழுபது நாளை ஒட்டிப் பங்குனியில் கைக்கு வரும். அதற்கும் பிந்தி விதைத்த வயலில் காய் பிடிக்கும் நேரத்தில் மண் வெடிப்பு விட்டிருக்கும், இலை நனைவதும் நின்றிருக்கும். உளுந்து சிறுத்து, சாவியும் கலந்துதான் களத்துக்கு வரும்.